எதிர்ச் சரிவின் பச்சை

தொப்பூர்க் கணவாயில் லாரிகள் பிரேக்கைத் தேய்த்துக்கொண்டு இறங்குகிற வளைவில், சாலையோரமாக ஒரு சாப்பாட்டுக் கடை இருக்கிறது. அதன் முன்னால் போட்டிருக்கும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தால் நேர் எதிரே ஒரு மலை தெரியும். மலையின் நடுவே ஓர் ஓடை இறங்குகிறது. மழை பெய்தால் ஓடை, பெய்யாவிட்டால் வெறும் கல். ஓடைக்கு இடது பக்கம் பச்சை. வலது பக்கம் வழுக்கை. வழுக்கைப் பக்கம் என்னுடையது.

என்னுடையது என்றால் பட்டா போட்டு வாங்கியதல்ல. அது அரசாங்கத்துக் காடு. எரிந்துபோன அந்த மலையில் மரம் நட்டுக் காப்பாற்றிக் கொடுக்கச் சொல்லி எங்கள் ஊர் வனக்குழுவிடம் ஒப்படைத்தார்கள். குழுவில் வலது சரிவை என்னிடம் விட்டார்கள். இடது சரிவு என் சகலைக்கு, அதாவது என் மனைவியின் தங்கையைக் கட்டியவனுக்கு. நேரில் நான் அவனை ‘வாங்க, போங்க’ என்றுதான் பேசுவேன். மனசுக்குள்தான் ‘அவன்’. இதை மனசுக்குள்ளிருந்து எழுதுவதால் ‘அவன்’ என்றே போகட்டும்.

மலை எரிந்தது ஒரு பங்குனி மத்தியானத்தில். யார் போட்ட பீடியோ தெரியாது. காய்ந்த புல்லைப் பிடித்த தீ, நாங்கள் பச்சைக் கிளைகளை ஒடித்துக்கொண்டு ஓடுவதற்குள் உச்சிக்குப் போய் எங்களைத் திரும்பிப் பார்த்தது. நான் அடித்த அடியில் கிளை உடைந்தது, என் மீசையில் பாதி பொசுங்கியது (அந்தப் பாதி அப்புறம் சரியாக முளைக்கவேயில்லை), தீ மட்டும் அணையவில்லை. தானாக எரிந்து, தானாக அலுத்து, உச்சிப் பாறையில் போய் நின்றது. கீழே இறங்கி வந்தபோது என் மனைவி என் முகத்தைப் பார்த்துவிட்டு, “போனது தீய அணைக்கவா, தீ மிதிக்கவா?” என்று கேட்டாள்.

அதோடு விட்டிருந்தாலும் மலை பிழைத்திருக்கும். பெரிய மரங்கள் கருகினாலும் சாகவில்லை. மழைக்கு ஆச்சாவும் துரிஞ்சியும் வேங்கையும் உச்சியில் கொஞ்சம் துளிர்க்கவும் செய்தன. அதற்குப் பிறகுதான் வண்டு வந்தது. ஒவ்வொரு மரத்தின் அடியிலும் கேழ்வரகு அரைத்த மெஷினைச் சுற்றிக் கிடப்பதுபோல மாவு. மரத்தில் காதை வைத்தால் உள்ளே யாரோ முறுக்குத் தின்பதுபோலச் சத்தம். சூடு பட்டுச் சோர்ந்த மரமாகப் பார்த்துத்தான் அந்த வண்டு துளைக்கும் என்றார்கள். அடுத்த கோடைக்குள் தீ விட்டுவைத்ததையெல்லாம் அது முடித்துவிட்டது. மற்ற மலைக்கும் பரவாமலிருக்க, வண்டு விழுந்த மரங்களை வனத்துறை வெட்டி அப்புறப்படுத்தியது. மிஞ்சியது சரிவு முழுக்கக் கருப்புக் கருப்பாக அடிக்கட்டைகள்.

அப்புறம்தான் நாற்று வந்தது. நாற்றுப் பண்ணையிலிருந்து டிராக்டரில், பாலித்தீன் பைக்குள், வேங்கை, ஆச்சா, புங்கன், நாவல், வேம்பு என்று. எங்கள் வனவர் ஒரு பெண். ஊரில் எல்லாரும் மேடம் என்போம். குழுக் கூட்டத்தில் அவர் நிபந்தனையைத் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

“வர்ற கோடையும் அதுக்கடுத்த கோடையும் தாண்டி நிக்கணும். அப்ப வந்து பார்ப்பேன். எந்தப் பக்கம் நிக்கலயோ, அந்தப் பக்கத்தையும் நிக்க வச்சவங்க கையில கொடுத்துருவேன். அதுல வருத்தப்படக் கூடாது.”

நான் எழுந்து நின்றேன். எழுந்து நிற்பது என் வியாதி. “மேடம், என் கொல்லையில வந்து ஒரே ஒரு களையக் காட்டுங்க. அன்னிக்கே மீசைய எடுத்துடறேன்” என்றேன்.

“மீசயே பாதிதான இருக்குது” என்று பின்னாலிருந்து ஒரு குரல். குரல் சகலையுடையது.

என் மரவள்ளிக் கொல்லையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதில் களை மட்டுமல்ல, களையின் நிழல்கூட விழாது. எங்கள் பக்கத்தில் ஒருவன் நல்ல விவசாயியா என்று கேட்டால், விளைச்சலைப் பற்றி அப்புறம்தான் பேசுவார்கள். “அவன் கொல்லையப் பாத்தியா, தொடச்சு வச்ச மாதிரி இருக்கும்” என்பார்கள். நான் மலையையும் துடைக்க ஆரம்பித்தேன்.

புல்லை வேரோடு கொத்தினேன். கொத்திய புல்லை வாரிக் கீழே தள்ளினேன். கருகிய அடிக்கட்டைகள் குழி எடுக்க இடைஞ்சலாக இருந்தன. கடப்பாரை போட்டு ஒவ்வொன்றாக நெம்பி, வேரோடு பிடுங்கி, ஓடை ஓரமாக அடுக்கினேன். அடுக்கியதிலும் ஓர் ஒழுங்கு. பெரியது கீழே, சிறியது மேலே. குழிகளைக் கயிறு பிடித்து நேர் கோட்டில் எடுத்தேன். அப்புறம் எங்கள் தொழுவத்துச் சாணியைக் கூடை கூடையாக மேலே ஏற்றினேன். நான் மட்டும் ஏற்றவில்லை. மனைவியும் ஏற்றினாள். பாதி மலையில் கூடையை இறக்கி வைத்துவிட்டு அவள் சொன்னாள்: “கல்யாணமாயி இத்தன வருசத்துல ஒரு கோயில் மலைக்குக் கூட்டிக்கிட்டுப் போனது கெடையாது. சாணியத் தூக்கிக்கிட்டு மலையேற வச்சிட்டீங்க.”

“புண்ணியம் இதுலயும் உண்டு” என்றேன்.

“நாத்தமும் உண்டு.”

அந்த நாட்களில் ஓடைக்கு அந்தப் பக்கம் நடந்ததைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது. என் சகலை வெயில் ஏறிய பிறகு வருவான். எங்கே பாறை நிழல் விழுகிறதோ அங்கே பார்த்துக் குழி எடுப்பான், அங்கே உட்கார்ந்து வேலை செய்யலாம் என்பதற்காக. புல்லை வெட்ட மாட்டான். குழி அளவுக்கு மட்டும் விலக்கிவிட்டு நாற்றை வைப்பான். அடிக்கட்டை குறுக்கே வந்தால் சுற்றிப் போவான். ஆடு கடிக்காமலிருக்க வேலி போட வேண்டும் அல்லவா? அவன் காய்ந்த முள்ளை இழுத்து வந்து நாற்றின் தலைமேலேயே போட்டுவிட்டான். அப்புறம் முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு பாறையில் படுத்துவிடுவான். அவன் குறட்டை ஓடையைத் தாண்டி வரும்.

அப்போது எனக்கு அவன்மேல் பொறாமை கிடையாது. இரக்கம்தான். பாவம், சரிவு போய்விடும், நாம்தான் வாங்கிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று பெரிய மனசோடு நினைத்தேன். பொறாமை குடிவருவதற்கு முன்னால் இரக்கம்தான் வந்து இடம் பார்த்துவிட்டுப் போகிறது.

ஐப்பசி மழை நன்றாகப் பெய்தது. என் நாற்றுகள் பள்ளிக்கூடத்தில் காலையில் வரிசையாக நிற்கும் பிள்ளைகள் மாதிரி நின்றன. கடையில் டீ குடிக்க வந்தவர்கள் எல்லாரும் என் பக்கத்தைப் பார்த்தார்கள். அவன் பக்கம் புல்லும் முள்ளும் கருங்கட்டையுமாகக் கிடந்தது. எதை நட்டான், எங்கே நட்டான் என்று கண்டுபிடிக்கவே முடியாது. அந்த ஒரு பருவம் நான் டீயை மெதுவாகக் குடித்தேன்.

தை பிறந்ததும் என் வரிசையில் ஒரு நாற்று தலை சாய்ந்தது. அடியைப் பார்த்தால் தண்டின்மேல் மண் பூசியதுபோலக் கரையான் ஏறியிருந்தது. நான் பாசத்தோடு போட்ட சாணிக்கு வந்த விருந்தாளிகள். சாணியைத் தின்று முடித்துவிட்டு, இலையை எடுக்க மனமில்லாமல் அங்கேயே தங்கி நாற்றின் பட்டையைத் தின்ன ஆரம்பித்திருந்தன. மாசியில் வரிசை வரிசையாகப் போனது. பிடித்து இழுத்தால் கையோடு வந்தது. துடைத்து வைத்த மண்ணில் ஒரு புல் இல்லாததால், மழை அள்ளிக்கொண்டு போனது போக மிச்சத்தை வெயில் வறுத்தது. செருப்பில்லாமல் நடக்க முடியவில்லை. சித்திரையில் என் சரிவில் நின்றவை குச்சிகள். நேர் கோட்டில், கயிறு பிடித்த மாதிரி, குச்சிகள்.

அவன் பக்கம் பச்சை.

அதுவும் எப்படிப்பட்ட பச்சை! மேலே புல் காய்ந்து சாம்பல் நிறமாகக் கிடக்க, அதைக் கிழித்துக்கொண்டு துரிஞ்சியும் ஆச்சாவும் புதராகப் பொங்கிக்கொண்டு வந்தன. சில இடுப்பளவு. சில அதற்கும் மேல். பாலித்தீன் பையில் எனக்கும் அவனுக்கும் ஒரே டிராக்டரில் வந்த நாற்றுகள்தானே என்று நான் இரவும் பகலும் யோசித்தேன். டிரைவர் அவனுக்குச் சொந்தக்காரனோ என்றுகூட விசாரித்தேன்.

ஒரு நாள் கடையில் நாமக்கல் லாரி டிரைவர் ஒருவர் டீயோடு என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். மலையைப் பார்த்தார்.

“ஏனக்கா, அந்தப் பச்ச யாரு போட்டதுங்க?”

கடைக்கார அக்கா தோசையைத் திருப்பிக்கொண்டே, “இவரு சகலதான்” என்று என்னைக் காட்டினார்.

“அப்ப இந்த மொட்டை?”

அக்காவின் தோசைக் கரண்டி என் பக்கம் நீண்டது. டிரைவர் என் தலையைப் பார்த்தார், மலையைப் பார்த்தார், மறுபடி என் தலையைப் பார்த்தார். “பொருத்தமாத்தான் பண்ணியிருக்கறாரு” என்றார். கடையில் எல்லாரும் சிரித்தார்கள். எல்லாரையும்விட நான் சத்தமாகச் சிரித்தேன். அப்படிச் சிரித்தால்தான் கண்ணில் தண்ணீர் வந்ததற்குக் காரணம் சொல்ல முடியும்.

மறுநாள் நாற்காலியை மலைக்கு முதுகு காட்டித் திருப்பிப் போட்டு உட்கார்ந்தேன். எதிரில் லாரிகள் வரிசையாக நின்றன. ஒவ்வொரு லாரியின் முன் கண்ணாடியிலும் அந்தப் பச்சை தெரிந்தது.

பொறாமை என்றால் ஏதோ நெஞ்சில் எரிவது என்று நினைத்திருந்தேன். அது வேலை செய்கிற பொருள். என்னைக் காலையில் எழுப்பிவிடும். அவன் பக்கம் எத்தனை மேகம் போனது என்று பார்க்கச் சொல்லும். ஒரு மேகம் என் பக்கம் வந்து ஓடையைத் தாண்டி அங்கே போய் நிழல் போட்டதை நானே பார்த்தேன், சாட்சிக்கு யாரும் இல்லை. வெள்ளாடுகள் என் பக்கம் குச்சியைக்கூட விடாமல் கடித்துவிட்டு, அவன் முள்ளைப் பார்த்ததும் மரியாதையாகத் திரும்பிப் போயின. அவன் குறட்டையைக் கேட்டால் அந்தக் குறட்டைமேல் பொறாமை. எனக்கு அவ்வளவு நல்ல தூக்கம் வந்து எவ்வளவோ நாளாகியிருந்தது.

வீட்டில் களி கிண்டிக்கொண்டே மனைவி மெதுவாக ஆரம்பித்தாள். “தங்கச்சி சொன்னா, அவங்க பக்கம் மயிலு வந்து முட்ட வச்சிருக்குதாம்.”

“மயிலு என்ன, ஆதார் கார்டு காட்டிட்டா வந்துச்சு? அதுக்கு எந்தப் பக்கம் யாருதுன்னு தெரியுமா?”

“தெரியாமத்தான் அங்க போச்சுங்களா?” களித் துடுப்பைச் சட்டியின் விளிம்பில் தட்டினாள். “நம்ம பக்கம் என்னா வந்திருக்குது?”

“காத்து” என்றேன்.

அந்த வாரத்திலேதான் பொம்மை வந்தது. காலையில் நாற்காலியில் உட்கார்ந்தவன், ஓடை ஓரத்தில் பச்சைச் சரிவின் எல்லையில் ஓர் ஆள் கையை விரித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தேன். இவ்வளவு காலையில் சகலை வர மாட்டானே என்று ஏறிப் போனேன். திருஷ்டி பொம்மை. நல்ல கொல்லையில், புது வீட்டு மாடியில் வைப்பார்கள், காட்டில் வைத்து நான் பார்த்ததில்லை. பானைத் தலை, வைக்கோல் முடி, உருட்டி விழிக்கிற கண், பாதியில் நின்றுபோன மீசை. ரோட்டைப் பார்க்காமல் நேராக என் சரிவைப் பார்த்தது. அதெல்லாம்கூடப் பரவாயில்லை. அது போட்டிருந்த நீலக் கட்டம்போட்ட சட்டை என்னுடையது.

வீட்டுக்கு வந்தேன். “என் நீலச் சட்டை எங்க?”

“அது கையில கிழிஞ்சிருந்துச்சு. தங்கச்சி பழைய துணி ஏதாச்சும் இருக்குதான்னு கேட்டா, கொடுத்தேன்.”

“எதுக்குன்னு கேட்டியா?”

“தரை தொடைக்கன்னு நெனச்சேன்.” அவள் முகத்தைத் திருப்பிக்கொண்ட விதத்தில், அவள் அப்படி நினைக்கவில்லை என்று தெரிந்தது.

மாலையில் சகலை வீட்டு வாசலில் கொழுந்தியாளைப் பிடித்தேன். “ஏம்மா, யாரு கண்ணு படும்னு பொம்ம வச்ச?”

“ஐயோ மாமா, தப்பா நெனைக்காதீங்க. ஊர்க் கண்ணுக்குத்தானுங்க. ரோட்டுல போறவங்க எல்லாம் பாக்கறாங்க இல்ல?”

“ரோடு அந்தாண்ட இருக்குது. பொம்ம ஏன் எம் பக்கம் பாக்குது?”

“காத்துல திரும்பிக்கிச்சுங்க மாமா.”

“சட்டையும் காத்துல வந்துச்சா?”

அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள். உள்ளேயிருந்து இரண்டு பேர் சிரிக்கும் சத்தம் கேட்டது. ஒன்று சகலையுடையது. இன்னொன்று, என் காதை நம்பலாம் என்றால், என்னோடு பேசிக்கொண்டே வந்து கொல்லைப்புறமாக அங்கே நுழைந்துவிட்ட என் மனைவியுடையது.

அன்று முடிவு செய்தேன். இவன் ஏதோ தந்திரம் செய்திருக்கிறான், அதைக் கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று. அவன் ஆடு வாங்கப் பாப்பாரப்பட்டிச் சந்தைக்குப் போன நாளில், வெயில் உச்சியில் இருக்கும்போது ஓடையைத் தாண்டினேன். பொம்மை என்னைப் பார்த்தது. நானும் பதிலுக்குப் பார்த்துவிட்டு உள்ளே போனேன்.

உள்ளே குளுமையாக இருந்தது. அதை ஒப்புக்கொள்ள எனக்கு நேரமானது. காய்ந்த புல்லுக்கு அடியில் கையை விட்டால் மண் ஈரமாக இருந்தது. முள்ளை விலக்கிப் பார்த்தேன். பை நாற்றுகள் இருந்தன, ஆனால் முழங்கால் உயரம்தான். சில செத்தும் போயிருந்தன. அப்படியானால் ரோட்டிலிருந்து தெரிகிற, பொங்கி நிற்கிற அந்தப் பச்சை எது? பெரிய துரிஞ்சிப் புதர் ஒன்றின் அடியில் படுத்து, இலையை ஒதுக்கிப் பார்த்தேன்.

அடியில் கரி.

பழைய மரத்தின் கருகிய அடிக்கட்டை. அதன் விளிம்பைச் சுற்றிக் கிளம்பி வந்த துளிர்தான் அந்தப் புதர். அடுத்ததைப் பார்த்தேன். அதிலும் கரி. அதற்கடுத்த ஆச்சாவிலும் கரி. அவன் நட்டதே இல்லை! மேலே தீயும் வண்டும் தின்றுபோனாலும் அடியில் வேர் உயிரோடு இருந்திருக்கிறது. அது தானாக முளைத்திருக்கிறது. இவன் பாறையில் படுத்துக்கொண்டு பேர் வாங்கியிருக்கிறான்!

என் கல்யாணத்தன்றுகூட நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. இதை என் மனைவி படிக்க மாட்டாள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். உடம்பெல்லாம் ஒட்டுப்புல்லோடு கீழே இறங்கி, கடையில் அக்காவிடம் மட்டும் ரகசியமாகச் சொன்னேன். அவரிடம் சொன்னால் கணவாய் முழுக்கச் சொன்ன மாதிரி.

இரண்டாவது கோடை முடிகிற சமயத்தில் மேடம் பார்வையிட வந்தார். கூட ஒரு ஃபாரஸ்ட் கார்டு, குழு ஆட்கள், எங்கள் இரண்டு வீட்டுப் பெண்கள். நான் இஸ்திரி போட்ட சட்டையில் இருந்தேன். உண்மையைச் சொல்லப் போகிறவன் கசங்கிய சட்டையில் போகக் கூடாது.

முதலில் என் பக்கம். மேடம் ஒரு குச்சியைப் பிடித்தார். அது கையோடு வந்தது. அடியில் ஒட்டியிருந்த மண்ணை நகத்தால் சுரண்டினார்.

“சாணிய மக்க வைக்காம பச்சையா போட்டீங்களா?”

“நல்ல சாணிங்க மேடம். எங்க வூட்டு மாட்டுது.”

“கரையானுக்கும் புடிச்சுத்தான் இருக்குது” என்றார்.

அப்புறம் ஓடையைத் தாண்டினோம். என் நீலச் சட்டையைக் கடக்கும்போது கார்டு அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். மேடம் பச்சைக்குள் நுழைந்ததும் முகம் மாறிவிட்டது. “அட!” என்றார். அந்த ‘அட’ என் நெஞ்சில் முள்ளாக ஏறியது. இனிப் பொறுப்பதில்லை என்று எழுந்து நின்றேன், ஏற்கனவே நின்றுகொண்டிருந்தாலும்.

“மேடம், குறுக்க பேசறதுக்கு மன்னிக்கணும். இதுல ஒரு உண்ம இருக்குது. இதெல்லாம் இவரு நட்டதே இல்லீங்க. பழைய கட்டையில தானா வந்தது. அடிய வெலக்கிப் பாருங்க, கரி இருக்கும்.”

சகலை தலையைச் சொறிந்தான். கொழுந்தியாள் அக்காவைப் பார்த்தாள். மேடம் குனிந்து இலையை விலக்கினார். கரியைத் தொட்டார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் நான் எதிர்பார்த்த கோபம் இல்லை.

“தெரியுங்க. கீழ ரோட்டுல இருந்து பாக்கறப்பவே தெரிஞ்சுது. இதத் தேடிக்கிட்டுத்தான் ஏறி வந்தேன்” என்றார். “நாத்து வேர் புடிச்சு இந்த ஒசரம் வர எத்தனை வருசமாகும்? இதுக்கு வேர் ஏற்கனவே கீழ இருக்குது. அடிக்கட்டை உயிரோட இருந்தா அத விட்டுவைக்கறதுதான் மொதல் வேல. நடறது, அது இல்லாத எடத்துக்கு. எல்லா ஊர்லயும் கெஞ்சறேன், யாரும் சும்மா விட மாட்டேங்கறாங்க. குழி எடுக்கறோம்னு கெளறிடறாங்க.”

அப்புறம் ஓடைக்கு அந்தப் பக்கம் பார்த்தார்.

“உங்க பக்கமும் இதே மரந்தான இருந்துச்சு? அந்தக் கட்டையெல்லாம் எங்கங்க?”

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஓடை ஓரமாக, பெரியது கீழே, சிறியது மேலே, அழகாக அடுக்கியிருந்தது.

“அடுக்கி வச்சிருக்கறங்க மேடம்” என்றேன்.

“நல்லா அடுக்கியிருக்கீங்க” என்றார். அதில் கிண்டல் இல்லை. கிண்டல் இருந்திருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன். தீயிலும் வண்டிலும் சாகாமல் தப்பிய வேரையெல்லாம் தேடித் தேடிக் கொன்றவன் நான் ஒருவன்தான். அதையும் வெறும் வயிற்றோடு, விடியற்காலையில் எழுந்து போய்ச் செய்திருக்கிறேன்.

மேடம் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவர். சகலையிடம் திரும்பி, “அப்ப அந்தப் பக்கத்தையும் நீங்களே பாத்துக்கங்க” என்றார்.

என் சரிவு போனது. இரண்டு வருஷம் தினமும் ஏறிய சரிவு. எந்தக் கல் ஆடும், எந்தக் கல் ஆடாது என்று என் கால் அறிந்த சரிவு. அதில் ஒரு மரமும் இல்லைதான். அதற்காக அதை இன்னொருவன் படுத்துத் தூங்குவதற்கு விட முடியுமா? மனைவி என் பக்கம் பார்க்காமல், தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளும் சாணி சுமந்தவள்.

“ஐயையோ, எனக்கு வேண்டாங்க மேடம்” என்றான் சகலை.

“ஏனுங்க?”

“இருக்கறதுக்கே ஏற முடியல. இன்னொன்னா? காலையில எந்திரிச்சு யாருங்க வர்றது? அது அவருகிட்டவே இருக்கட்டும். அவரு நல்ல உழைப்பாளிங்க மேடம். சும்மா இருக்கத் தெரியாது, அந்த ஒரு கொறதான்.”

சுற்றிலும் சிரித்தார்கள். மேடமும் சிரித்தார். என் மனைவி சிரிக்கவில்லை. நிமிர்ந்து, “இன்னொரு மழைக்கு வுட்டுப் பாருங்க மேடம். களைக்கொத்து என் கையில இருக்கும், நான் பாத்துக்கறேன்” என்றாள்.

அப்படியாகச் சரிவு எனக்கே மிஞ்சியது. என் உழைப்பால் இல்லை, அவன் சோம்பலால். இதைவிடக் கொடுமையான தயவை நான் வாங்கியதில்லை. அவன் நல்லெண்ணத்தில் சொன்னானா, உண்மையிலேயே ஏற முடியாமல் சொன்னானா என்று இன்றுவரை தெரியவில்லை. நல்லெண்ணம் என்றால் அந்த நல்லெண்ணத்தின்மேலும் எனக்குப் பொறாமை. அப்படி ஒரு வார்த்தை அந்த இடத்தில் எனக்கு வந்திருக்காது.

மேடம் சொன்னபடி அடுக்கைப் பிரித்தோம். கட்டைகளைச் சரிவுக்குக் குறுக்கே படுக்கவைத்தோம், மண் அரிக்காமல் தாங்கவும், கரையான் நாற்றை விட்டுவிட்டுக் காய்ந்ததைத் தின்னவும். புது நாற்று வைத்து, தலைமேல் முள் போட்டோம். சகலை உதவிக்கு வந்தான். அதாவது பாறைமேல் உட்கார்ந்து, “போதும் சகல, போதும்ங்க, கையை எடுங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தான். களைக்கொத்தை மனைவி எங்கே ஒளித்தாள் என்று தெரியாது. வீட்டில் பரண்வரை தேடிவிட்டேன். இந்த மழைக்குப் புல் முளைத்தது. அது வளர வளர எனக்கு விரல் நுனியெல்லாம் அரித்தது. பைக்குள் கையை விட்டுக்கொண்டு நின்றேன்.

போன வாரம் மேலே போயிருந்தேன். உச்சிக்குக் கொஞ்சம் கீழே ஒரு பாறை வெடிப்பு. முதல் வருஷம் அங்கிருந்த கட்டையைப் பிடுங்கப் போய்க் கடப்பாரை வளைந்துபோனதால் நான் திட்டிவிட்டு விட்ட இடம். வெடிப்புக்குள்ளிருந்து ஆச்சாத் துளிர் எட்டிப் பார்த்தது. இரண்டிரண்டாக ஒட்டிய இலை, கொழுந்தில் செம்மை. ஒன்றல்ல, ஒரு கொத்து. நான் மண்டியிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. என் சரிவில் முதன்முதலாக, குச்சி அல்லாத ஒன்று.

பின்னால் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. சகலை ஏறி வந்திருந்தான்.

“என்னா சகல அது?”

“ஆச்சா.”

“அட, நல்லா வந்திருக்குதே. யாரு வச்சதுங்க?”

“நான்தான்” என்றேன்.

அவன் குனிந்து பார்த்தான். துளிருக்கு அடியில் கருப்பாகக் கட்டை தெரிந்தது. என் முகத்தைப் பார்த்தான்.

“நல்லா வச்சிருக்கீங்க சகல” என்று சொல்லிவிட்டு, படுக்க நிழல் தேடிப் போனான்.

அவன் தலை மறையும்வரை காத்திருந்தேன். அப்புறம் இரண்டு கையாலும் மண்ணை அள்ளி, அந்தக் கரியை மூடினேன்.